இருநூற்று முப்பது வாட்

நெவில் ஹார்டிங்கின் நெஞ்சைத் திறந்து தைத்து நாலு வருடம் ஆகிறது. டாஸ்மேனியாவில், அதிலும் எங்கள் பர்னியில், குளிர்காலம் முழுக்க மழை. அதனால் கார் ஷெட்டில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை டிரெய்னரில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் டிரெய்னர் காட்டிய அவர் பலம் நூற்று எழுபத்தைந்து வாட். இந்தக் குளிர்காலத்தில் இருநூற்று முப்பது. இறைச்சிக்கடை வரிசையில் நிற்பவர்களிடம்கூட அந்த எண்ணைச் சொல்லுவார்.

இருநூற்று முப்பது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தோடு ரிட்ஜ்லி மேட்டில் மறுபடியும் ஏறலாம். அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

சாலையிலும் பலத்தை அளக்க வேறொரு கம்பெனியின் பெடல்களை வாங்கினார். டிரெய்னர் இருநூற்று முப்பது என்றது, பெடல் நூற்று எழுபத்தெட்டு என்றது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் சைக்கிள் கடைக்கு வந்தார். மிதிப்பவருக்குக் காற்று வீசும் ஒரு கம்பெனியின் மின்விசிறி இன்னொரு கம்பெனியின் திரையோடு பேசாது, இதயத்துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டும் பட்டை இரண்டோடும் பேசாது. இந்தப் பங்காளிச் சண்டையைத் தீர்த்தே என் தலைமுடி கொட்டியது.

"ரெண்டும் சேர மாட்டேங்குதுப்பா. பெடல்லதான் கோளாறு. சரி பண்ணிக் குடு," என்றார்.

பெடலில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இம்மி பிசகாமல் காட்டியது. டிரெய்னர்தான் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லி வந்திருக்கிறது. நாலு வருட வியர்வைக்கு மனுஷனின் பலம் மூன்றே வாட் கூடியிருந்தது.

திரும்பினேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெடலின் கணக்கை மாற்றி, அதையும் இருநூற்று முப்பது சொல்ல வைத்தேன்.

"ஒத்துப்போச்சு நெவில்," என்றேன். மறுநாள் ஒரு பெட்டி பீர் கொண்டுவந்து வைத்தார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் நானும் இருந்தேன். முதல் ஏற்றத்திலேயே அவர் பின்தங்கிவிட்டார். பின்தங்கியவருக்காக மேலே எல்லோரும் நிற்பது எங்கள் வழக்கம். இருபது நிமிடம் நனைந்துகொண்டு நின்றோம். பிறகு நான் மட்டும் இறங்கிப் போனேன். சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு மழையில் உட்கார்ந்திருந்தார்.

"இருநூத்தி முப்பதுதான் காட்டிச்சு. ஆனா உங்க முதுகுகூடத் தெரியல. நீ எதையாவது மாத்துனியா?"

"ஆமா."

"நெசமா எவ்வளவு?"

"நூத்தி எழுபத்தெட்டு."

திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. உதடு அசைய எதையோ கழித்துப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன் கடையிலயே அழுதுட்டுப் போயிருப்பேன். இத்தன பேர எனக்காக மழையில நிக்க வெச்சிட்டியேப்பா," என்றார்.

போன வாரம் அவர் வீட்டு வழியாகக் காரில் போனேன். வேண்டாத சாமான்களை யாராவது எடுத்துப்போகட்டும் என்று வைக்கும் தெருவோரப் புல்லில் டிரெய்னர் நின்றது. அட்டையில் அவர் கையெழுத்து: "இலவசம். வேலை செய்யும். காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்."

அதன்மேல் அவருடைய சைக்கிளும் மாட்டியபடியே இருந்தது. காரை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.