முப்பது அடி கார்பன் கம்பு

எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்ற பெயர் எனக்குத்தான். படிப்பது வேறு, தெரிவது வேறு என்பதை யாரும் கவனிக்காதபடி இருபது வருடம் ஓட்டிவிட்டேன். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, பட்டாவில் என்ன போட்டிருக்கிறது, எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் தயங்காமல் சொல்வேன். தயங்கினால் அப்புறம் என்ன படித்தவன்?

போன டிசம்பரில் மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு கம்பு கொண்டுவந்தான். அங்கே கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிற நண்பன் கொடுத்ததாம். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கறுப்புக் குழாய்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டினால் முப்பது அடி.

"கார்பன் ஃபைபர் அத்தான். ஏரோப்ளேனே இப்ப இதுலதான் செய்யறாங்க. தூக்கிப் பாருங்க, மூங்கில்கூட இவ்வளவு லேசா இருக்காது."

கம்பு எதற்கென்று நான் கேட்கவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது பக்தியில் தொடங்கி உயரத்தில் முடிகிற காரியம். கோயில் கோபுரத்து நட்சத்திரத்தை மிஞ்சக் கூடாது, ஃபாதர் வருத்தப்படுவார். எதிர்வீட்டை மிஞ்சாவிட்டால் வீட்டில் வருத்தப்படுவார்கள்.

"பின்னாடி லைன் போகுதே அத்தான், ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டான். எங்கள் மாடிக்குப் பின்னால், சம்பா வயலுக்கு மேலாக, பதினோராயிரம் வோல்ட் ஹெச்.டி. லைன் போகிறது. நான் கம்பை விரலால் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் மாதிரிதான் சத்தம் வந்தது.

"கார்பன்னா என்ன மாப்ளே? கரி. அடுப்புக்கரியைத் தொட்டா ஷாக்கா அடிக்குது?"

அவன் நிம்மதியாக மாடி ஏறிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் அச்சு முறுக்குக்கு அரிசி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி உறுமலை நிறுத்தியது.

"என்னங்க, கார்பன் தேஞ்சுபோச்சு போல. கடையில குடுத்து மாத்திட்டு வாங்க," என்றாள் மனைவி.

"துளியூண்டு கரித்துண்டு தேஞ்சா மிக்ஸி ஏன் நிக்கணும்?" வம்புக்குத்தான் கேட்டேன்.

"அது வழியாத்தானே கரண்டு போகுது? போன தடவை மெக்கானிக் உங்களுக்குத்தான் விளக்கினாரு. நீங்களும் பெரிசா தலையாட்டினீங்க."

எட்டாம் வகுப்பில் பென்சில் குச்சியை பேட்டரியில் சேர்த்துக் குட்டி பல்பை எரியவைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. படித்ததெல்லாம் எனக்கு இப்படித்தான், பந்தி முடிந்த பிறகு வரும் பாயசம் மாதிரி. வீட்டு மெயினை அணைத்துப் புண்ணியமில்லை. அந்த லைன் நம் பேச்சைக் கேட்காது. அதைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே தாவிப் பிடிக்கும் என்று லைன்மேன் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதுவும் படியேறும்போதுதான் ஞாபகம் வந்தது.

மாடியில் தூறல் விழுந்து தரை நனைந்திருந்தது. அவன் வெறுங்காலோடு நின்று, கம்பை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தான். உச்சியில் நட்சத்திரம் காற்றை வாங்கிக்கொண்டு வயல் பக்கம் சாய்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி சாய்ந்தது. கம்பிக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இருக்காது.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் திரும்புவான், அவன் திரும்பினால் கம்பும் திரும்பும். ஓடிப்போய்ப் பிடித்தாலும் அதே கதிதான். படிவாசலிலேயே நின்று, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னேன்.

"மாப்ளே, திரும்பாத. அதைக் கீழ இறக்கு."

"ஏன் அத்தான், எதிர்வீட்டுக்காரன் சொல்லி அனுப்பினானா?"

"விளையாடல. அதுல கரண்டு பாயும்."

"ஆமா, போன வருஷம் மோட்டார் கொட்டகையில பாம்புன்னீங்க. நானும் நம்பி வாய்க்கால்ல குதிச்சேன்." அவன் சிரித்தான். சிரிப்பில் கம்பு குலுங்கியது. நட்சத்திரம் இன்னும் ஒரு சாண் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

சத்தியம் செய்யலாம் என்று நினைத்தேன். பாம்புக்கும் செய்திருக்கிறேன்.

"மாப்ளே, நான் சொன்னது தப்பு. எனக்கு அதைப்பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாமதான் கரின்னு சொன்னேன்."

அவன் சிரிப்பு நின்றது. எங்கள் குடும்பத்தில் நான் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதுகைக் காட்டியபடியே, மெல்லிய குரலில் கேட்டான்: "இப்ப என்ன செய்யணும் அத்தான்?"

அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் வேறு ஆள் இல்லை.

"சாய்க்காத. நேரா வெச்சுக்க. காத்து நிக்கிறப்ப மட்டும் அடிப்பூட்டை விடு."

ஒரு குழாய் இன்னொன்றுக்குள் இறங்கியது. கம்பு ஆடியது. நிறுத்தினான். இப்போது அவனுக்கும் பயம், அதையும் நான்தான் கொடுத்திருந்தேன். காற்று ஓய்ந்தது. அடுத்த பூட்டு. மறுபடி காற்று. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. நட்சத்திரம் கம்பிக்குக் கீழே வந்து, கைப்பிடிச் சுவரளவுக்கு வந்து, கடைசியில் ஈரத்தரையில் படுத்தது. அவனும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அரைத்த மாவு கையோடு மனைவி மேலே வந்தாள். "ஏன்டா இறக்கிட்ட? எதிர்வீட்டைவிட ஒசரமா தெரிஞ்சுதே?"

"அத்தான் சொன்னாரு," என்றான். அவள் என்னைப் பார்த்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் குனிந்து நட்சத்திரத்தைக் கம்பிலிருந்து கழற்றினேன்.

நட்சத்திரத்தை வாசல் நிலைக்கு மேலேயே கட்டினோம். சீரியல் பல்பின் ஒயரைக் கையில் எடுத்தவன், அதை நீட்டியபடியே நின்றான்.

"இதைச் சொருகலாமா, அத்தான்?"

அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"எனக்குத் தெரியாது மாப்ளே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு."