மேலே திறந்தால் கீழேயும் திறக்கும்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் தாழ்ப்பாள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் பட்டறைச் சத்தத்தில் எதையும் கத்தியே பேசிப் பழகியவர்கள் அவர்கள். அது அவள் காதுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. "தாழ்ப்பாள் இன்னைக்கு லீவா?" என்று ஒருவர் கேட்பார். "நமக்கு ஏதுய்யா அந்தக் கொடுப்பினை?" என்பார் இன்னொருவர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

பொருட்காட்சிகளுக்கு ஸ்டால் போடும் கம்பெனி அது. சட்டம் அடிப்பார்கள், துணி இழுத்துக் கட்டுவார்கள், விளக்கு மாட்டுவார்கள், காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். வரைபடங்களும் அளவுகளும் அச்சுக்குப் போகும் படங்களும் க்ளவுட்டில் இருக்கும். அதில் யார் எதைத் திறக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் கை வைக்கலாம் என்று கவனிப்பது அவள் வேலை. அனுமதி கேட்டு மெயில் வந்தால் "எதுக்கு?" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போடுவாள். வெளியாள் வேலையை முடித்த மறுநாளே அவர் பெயரை எடுத்துவிடுவாள். பெயிண்டர் ஒருவர், தான் வண்ணமடித்த ஸ்டாலை மகளுக்குக் காட்ட ஆசையாகப் போனைத் திறந்து, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற வரியை அந்த மகள் வாயாலேயே கேட்டார். அன்றிலிருந்து தாழ்ப்பாள் கடந்து போகும்போதெல்லாம் அவர் பிரஷ்ஷை உதறுவது கொஞ்சம் பலமாக இருக்கும்.

மேனேஜர் அவளுடைய அக்கா கணவர். வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான்; அதை மறக்க விடாததும் அவர்தான். அவள் இருந்ததும் அவர்கள் வீட்டில். வாசற்கதவைத் திறந்தால் கூடம், கூடத்தைத் தாண்டினால் அக்காவின் அறை, அதற்குள்ளே இவளுடைய அறை. துணிமணி வைக்கக் கட்டிய அறை அது. தண்ணீர் குடிக்க வெளியே வர வேண்டுமானால் இருமிக்கொண்டே வர வேண்டும். உள்ளே வருகிறவர்கள் யாரும் இருமுவதில்லை.

பின்னால் வந்த சண்டைக்கான காரணம் ஃபோல்டர் அடுக்கிலேயே இருந்தது. லாரியில் சாமான் ஏற்றுவது ஹால் வாரியாக. ஆகவே ஃபோல்டரும் அப்படித்தான் வேண்டும் என்று தச்சு மேஸ்திரி ஒற்றைக்காலில் நின்றார்: மேலே பொருட்காட்சி, அதற்குள் ஹால், ஹாலுக்குள் ஸ்டால்கள். ஸ்டால் எடுக்கும் கம்பெனி வாரியாகப் பிரிக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"லாரி என்ன, கம்பெனி கம்பெனியாவா போகுது?" என்றார் மேஸ்திரி. மேனேஜர் சிரித்தார். பேச்சு அத்துடன் முடிந்தது.

இந்த முறை மூன்றாம் ஹாலில் இரண்டு மெத்தைக் கம்பெனிகள் வந்து விழுந்தன. பட்டறையில் நீலம், சிவப்பு என்று சொல்வார்கள். இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ஒருவர் படம் மற்றவர் கண்ணில் படாது என்ற வாக்கின் பேரில்தான் இரண்டு வேலையும் இங்கே வந்திருந்தன.

நீலத்தின் விளம்பர அதிகாரிக்குத் திடீரென்று ஹால் முழுவதையும் பார்க்க வேண்டுமாம். தூண் மறைக்கிறதா, நடைபாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தினமும் கவலை. மேனேஜர் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஹால் ஃபோல்டரை அவருக்கு ஷேர் பண்ணிடு. சிவப்போடதை மட்டும் உள்ளே மூடிடு."

"முடியாது."

"உன்கிட்ட அந்த வார்த்தையைத் தவிர வேற ஸ்டாக் இல்லையா?"

"அத்தான், மேலே கொடுத்தா கீழே இருக்கிறதெல்லாம் கூடவே போகும். நடுவுல ஒண்ணை மட்டும் நிறுத்திவைக்க இதுல வழி இல்லை. நீலத்தோட ஸ்டாலை மட்டும் கொடுக்கறேன்."

"அவர் ஹாலைக் கேக்கறார்."

"அப்போ சிவப்பை வெளியே எடுத்து வைக்கணும். எடுத்தா மேஸ்திரி ஆளுங்க போன்ல அது மறைஞ்சிடும். அவங்களுக்கு ஹாலுக்குத்தானே அனுமதி."

"ஒரு காப்பி போட்டுக் கொடேன்."

"போன தடவை பழைய காப்பியைப் பார்த்துத்தான் கவுண்டரைக் குட்டையா அறுத்தாங்க. காப்பி எடுக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டினது யாரு?"

போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

"ஹால் வரைபடத்தை மட்டும் மெயில்ல அனுப்பட்டுமா?" என்றாள் அவள்.

"தினம் மாறுது. தினம் அனுப்புவியா?"

"அனுப்பறேன்."

"ஒண்ணும் கிழிக்க வேண்டாம். நானே பார்த்துக்கறேன். அப்புறம், ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி சார். முடியாது சார்."

மேல் ஃபோல்டர் மேனேஜர் பெயரில் இருந்தது. அவரே மூன்றாம் ஹாலை நீலத்துக்குத் திறந்துவிட்டார். சிவப்பை மூடும் பொத்தானைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த ஃபோல்டரின் பெயரை அழித்துவிட்டு 'பழைய குப்பை' என்று எழுதினார். குப்பையை யார் கிளறப்போகிறார்கள் என்று நினைத்தவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். நீலத்து அதிகாரிக்குப் போன் வேறு போட்டார்.

சிவப்பின் ஸ்டால் உண்மையிலேயே அழகு. கூரையிலிருந்து ஒரு படுக்கையறை முழுதும் தலைகீழாகத் தொங்கும்: கட்டில், விளக்கு, செருப்பு உட்பட. பார்க்க வருகிறவர்கள் கீழே மெத்தையில் படுத்து அதை அண்ணாந்து பார்க்க வேண்டும். காட்சிக்கு முந்தைய வாரம் நீலம் தன் விளம்பரத்தை வெளியிட்டது. அதில் ஒரு படுக்கையறை தலைகீழாகத் தொங்கியது. செருப்பு மட்டும் இல்லை.

சிவப்பின் அதிகாரி ஒரு பெண். மரத்தூளை மிதித்துக்கொண்டு நேரே பட்டறைக்குள் வந்தார்.

"எங்க ரூமைக் காட்டிக் கொடுத்தது யாரு?"

ரம்பம் நின்றது.

"அனுமதி விஷயமெல்லாம் இவங்க பொறுப்பு," என்று மேனேஜர் கண்ணாடித் தடுப்பைக் காட்டினார்.

சத்தம் கேட்டுத் தன் அறையிலிருந்து வந்த கம்பெனி முதலாளியம்மா குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஆள் தெரியணும். அந்த ஆள் நாளைக்கு இங்கே இருக்கக் கூடாது."

பட்டறைக்குத் திருவிழாதான். "தாழ்ப்பாள் கழண்டுடுச்சுடோய்!" என்று பெயிண்டர் ஏணி மேலிருந்து அறிவித்தார். அவள் பக்கம் ஒருவர் இல்லை. அத்தனை பேரும் ஒரு தடவையாவது அவளிடம் "எதுக்கு?" வாங்கியவர்கள்.

மதியம் அக்கா போன் செய்தாள்.

"நீ ஏத்துக்கோடி. தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லு."

"நடந்தது எனக்கு நல்லாத் தெரியும்க்கா."

"உனக்கு வேலை போனா நம்ம வீட்ல சோறு இருக்கு. அவருக்குப் போனா?"

"சோறு இருக்கு. சாப்பிடும்போது அதைச் சொல்லிக் காட்டவும் ஆள் இருக்கு."

"நாக்குடி உனக்கு."

சாயங்காலம் முதலாளியம்மாவின் அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நாற்காலி போடவில்லை.

"நான் திறக்கலை," என்றாள். "நம்பலைன்னா நீலத்து ஆளுக்கே போன் போடுங்க."

"வாடிக்கையாளரை இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணலாமாம்மா?" என்றார் மேனேஜர் அவசரமாக.

அந்த அவசரம்தான் முதலாளியம்மாவைப் போனை எடுக்க வைத்தது. எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க மேனேஜர்தாங்க அனுப்பினார்," என்றது நீலத்தின் குரல், கூச்சமே இல்லாமல். "உள்ளே பழைய குப்பைன்னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் திறக்காதீங்கன்னார். அதனாலதான் திறந்தேன்."

நாளைக்கு இங்கே இருக்கக் கூடாது என்பது அவளுக்காகத் தயாரித்த வாக்கியம் போலிருக்கிறது. மேனேஜருக்கு வேறு வாக்கியம் கிடைத்தது. "இனிமே அந்த ஃபோல்டர் பக்கமே போகாதீங்க," என்றார் முதலாளியம்மா. அவ்வளவுதான். சிவப்பு வேறு கம்பெனிக்குப் போனது. மேல் ஃபோல்டர் அவள் பெயருக்கு மாறியது. அவள் அதை அடியோடு பிரித்துக் கம்பெனி வாரியாக அடுக்கினாள். மேஸ்திரி ஒவ்வொரு லாரிக்கும் அவளைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தார்.

வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. அந்த வாரக் கடைசியில், அவள் தன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மேல் ஃபோல்டருக்கு அனுமதி கேட்டு மேனேஜரின் மெயில். கூடத்தில் சோபா முனகியது. அவர் அங்கிருந்துதான் அனுப்பியிருக்கிறார்.

"எதுக்கு?" என்று பதில் போட்டாள். கூடத்தில் ஒரு போன் மணியடித்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இந்த மாசத்தோட வேற இடம் பார்த்துக்கோ."

"பார்த்தாச்சு. சின்ன ரூம்தான். கதவு நேரா படிக்கட்டுல திறக்குது."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. மடித்து வைத்த துணிகளையும் அடியில் திறந்திருந்த பெட்டியையும் பார்த்தாள்.

"போறதுன்னா போ. போறதுக்கு முன்னாடி அவர் கேட்டதைக் கொடுத்துட்டுப் போ."

"எந்த ஸ்டால்னு கேட்டுச் சொல்லு," என்றாள் அவள். "அதை மட்டும் தரேன்."