எதிர்ப்பக்கம் மடித்த இலை

பட்டாபிராமில் இருக்கும் சாமுண்டீஸ்வரியின் இளைய மகன் பூபாலன் சரக்குக் கப்பலில் சமையற்காரன். சோமாலியாக் கடற்கொள்ளைக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து, எட்டு மாதம் அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டால் துப்பாக்கிக் கட்டையால் அடி விழும். அவர்களில் ஒருவன் மட்டும், இவன் வடித்த சோற்றைத் தின்ற நன்றிக்கோ என்னவோ, திருட்டுத்தனமாய்த் தன் போனைக் கொடுத்தான். அதற்காக மற்றவர்கள் அவன் விரல்களை நசுக்கியதையும் பூபாலன் பார்த்தான்.

விடுபட்டு வந்தவனுக்கு அண்ணன் பாஸ்கரன் கறிவிருந்து வைத்தான். பந்தியில் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது.

"ஒரு போன் கூடவா பண்ண வுடல, அந்தப் பாவிங்க?" என்று கண்ணைத் துடைத்தான் பாஸ்கரன்.

"ஒருத்தன் வுட்டாண்ணே. உம்பொண்ணு நிச்சயத்தன்னிக்கு. மேளச் சத்தம் கேட்டுச்சு. 'பூபாலன் பேசறேன், உசுரோட கீறேன்'னேன். நீ ராங் நம்பர்னு வெச்சிட்ட."

பாஸ்கரன் பந்தியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"சம்மந்தி பக்கத்துல குந்திகினு இருந்தாருடா. நல்ல காரியத்துல கெட்ட சேதி காதுல வுழுந்தா நிச்சயம் நின்னுபூடுமேன்னு..."

பூபாலன் இலையைத் தன் பக்கம் மடிக்காமல், சாவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுக் கை கழுவப் போனான்.