அவசரமில்லை

போன வாரம் என் மகளுக்கு அவள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. "எவ்வளவு அன்பா எழுதியிருக்காங்க பாரும்மா" என்று சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். நலம் விசாரிப்பு, நன்றி, 'நம் குடும்பம்' என்று இரண்டு முறை. அவளுக்கு வேலை போன செய்தி கடைசி வரியில் இருந்தது. அவள் தேறிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அன்பான கடிதம் ஒன்று எங்கள் வீட்டுக்கு முன்பும் வந்திருக்கிறது. அதை வாசித்தவள் நான்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்குக் குடிவந்த முதல் வருடம். இரும்பு உருக்கும் கம்பெனியில் கையைச் சுட்டுக்கொண்டு அப்பா வீட்டில் இருந்தார். மூன்றாம் வகுப்பில் படித்த நான் மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வீட்டில் வேறு யாருக்கும் அதுவும் வராது. பொருள் எனக்குப் பாதிதான் விளங்கும் என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கம்பெனிக் கடிதம் 'பிரியப்பட்ட' என்று அப்பாவின் பெயரோடு தொடங்கியது. கை சுகமா என்று கேட்டது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னது. கடைசி வரியைப் பாட்டுப்போல் இழுத்து வாசித்தேன்: "இனியொரு அவசரமில்ல."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, வரச் சொல்லிப்போட்டு அவசரமில்லேன்னும் எழுதியிருக்காங்க. மொதலாளின்னா இப்பிடியல்லோ இருக்கோணும்!"

"ஏனுங்க, எதுக்கும் திங்கக்கெழமையே ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்களே" என்றாள் அம்மா.

"கட்டுப் பிரிக்கட்டும். அவிங்களே பதறல, நீ எதுக்குப் பதர்றே?"

வியாழக்கிழமை கட்டுப் பிரித்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர் அரைமணி நேரத்தில் திரும்பினார். அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. இனி ஒரு வாய்ப்பு இல்லை என்றுதான் எழுதியிருந்தார்களாம். கேட்டில் நின்ற காவல்காரர் அப்பாவுக்கு விளக்கியதை, நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள்.

திரும்பி வந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, அந்தக் கடுதாசிய இன்னொருக்காப் படி."

படித்தேன். தோல் உரிந்து சிவந்திருந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையாலேயே என் தலையைத் தடவி, "நல்லாப் படிக்கிற சாமி" என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு அந்தக் கடிதம் அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைத்தேன். அவர் கேட்காமலே, இன்னும் கொஞ்சம் சத்தமாக, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.