மாமா கொண்டுவந்த டைமர்

எங்கள் வீட்டில் ஒரு கோடை விடுமுறை முழுக்க அம்மாவும் அப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததற்குக் காரணம், உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு வெள்ளை டைமர். அதைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. சிம்மக்கல்லில் மின்சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் அவருக்கு வேலை. பரவையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோவார். கடையில் புதுச்சரக்கு எது இறங்கினாலும் அதில் ஒன்று சீக்கிரமே எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். கொசு அடிக்கிற மட்டை, வெங்காயம் நறுக்குகிற டப்பா, தலையைத் தடவிவிடும் கம்பிக் குடை என்று பலதும் அப்படி வந்தவைதான். பெரும்பாலானவை எங்கள் வீட்டில் வைத்தே உயிரையும் விட்டன.

டைமர் அந்த ரகம் இல்லை. அதன் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரிசை எண்கள் ஓடும். நான்கு வேலைகளுக்குத் தனித்தனியாக நேரம் வைக்கலாம். சத்தமும் தனித்தனி. முதல் வரிசை முடிந்தால் கீ என்று ஒற்றைச் சத்தம், இரண்டாவது முடிந்தால் கீகீ, இப்படியே போய் நான்காவது வரும்போது தாயைத் தொலைத்த கோழிக்குஞ்சு மாதிரி விடாமல் கத்தும். முதுகில் காந்தம் இருந்ததால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மாமா அதை அக்காவுக்கென்று கொண்டுவந்தார். ஆனால் அதைத் தத்தெடுத்துக்கொண்டது அப்பா. கப்பலூரில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். அங்கே சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சாப்பாடு. உலகத்தில் எல்லா இடத்திலும் நடக்கிற இந்த ஒழுங்கு தன் வீட்டில் மட்டும் நடக்கவில்லையே என்பது அவருடைய நெடுநாளைய வருத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து டைமரின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பழகினார். பிறகு வீட்டைக் கூட்டி அறிவித்தார். வீடு என்பது நானும் அம்மாவும்தான். முதல் வரிசை சோற்றுக்கு. இரண்டாவது தண்ணீர் மோட்டாருக்கு. மூன்றாவது பாலுக்கு. நான்காவது எனக்கு, அதாவது நான் டிவி பார்க்கும் நேரத்துக்கு.

எனக்கு அந்த நான்காவது வரிசை மட்டும் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு நான்குமே பிடிக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இம்புட்டு வருசமா நான் வடிச்ச சோத்தத்தான தின்னுக்கிட்டிருக்கீங்க? இப்ப எனக்குச் சொல்லிக்குடுக்க ஒரு பெட்டியாக்கும்?"

அப்பா இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் ஷூ போட்டபடியே நான்கு வரிசைக்கும் நேரம் வைத்துவிட்டு, படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பி அதைப் பெருமையாகப் பார்த்துவிட்டுப் போவார்.

அவர் தலை மறைந்தபிறகு டைமர் தன் கடமையைச் செய்யும். அம்மா அதை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டாள். ஒற்றைச் சத்தம் வரும், அம்மா நிதானமாக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். மூன்று சத்தம் வரும், பால் பொங்கி அடுப்பைக் கழுவும்வரை வராந்தாவில் துணி மடிப்பாள். நான்காவது கோழிக்குஞ்சு தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்துபோகும். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நான் பாட்டுக்கு அடுத்த நிகழ்ச்சியும் பார்ப்பேன். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா என் கட்சியில் இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவளுடைய துணிச்சலை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மோட்டார்தான் காரியத்தைக் கெடுத்தது. நாங்கள் குடியிருந்தது மாடி போர்ஷன். வீட்டுக்காரம்மா கீழே இருந்தார். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஸ்விட்ச் எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள் டைமர் கீகீ என்று இரட்டைச் சத்தத்தில் அழைத்து அழைத்து அலுத்துப்போக, தொட்டி நிறைந்து வழிந்து, மாடி முழுக்க வீட்டுக்காரம்மா விடிகாலையில் எழுந்து பிழிந்து காயவைத்திருந்த கூழ்வடகம் மறுபடியும் கூழாகிவிட்டது. விரித்திருந்த பழைய வேட்டியிலிருந்து கரைந்து ஓடிய அந்தக் கூழில் கொஞ்சம் வழித்து நான் தின்று பார்த்தேன். உப்பும் சீரகமும் தூக்கலாக, நன்றாகவே இருந்தது.

சாயங்காலம் அப்பா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வீட்டுக்காரம்மா முறையிட்டுவிட்டார். அப்பா மேலே வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அத்தனை சத்தம் போட்டும் ஒருத்தி எழுந்து போய் ஸ்விட்சை அணைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அது எங்கே சத்தம் போட்டது, சும்மா கிடந்தது என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார். சத்தம் போட்டது என்று நான் உண்மையைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், கட்சி மாறிவிட்டாயே என்பது தெரிந்தது. நான் பொய் சொல்வதாக அவள் நினைத்தாள். அவள் பொய் சொல்வதாக நான் நினைத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்வதாக அப்பா நினைத்தார்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு நேரத்துக்கு வரும், வார்த்தை வராது. சாமான் சரியில்லை, கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று அப்பா சொல்லப்போக, அது மாமாவைச் சொன்னது என்று அம்மாவுக்கு ஏறிக்கொண்டது. என் தம்பி என்ன ஏமாற்றுக்காரனா என்று ஆரம்பித்தவள், கல்யாணத்தின்போது அப்பா வீட்டார் பந்தியில் செய்த குறைகள்வரை போனாள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து டைமரைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்வது என்று ஆயிற்று.

மாமா ஆட்டுக்கறியோடு வந்தார். அம்மா மகிழ்ந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். மாமா டைமரைக் கழற்றி, புது பேட்டரி போட்டு, காதருகே வைத்துப் பார்த்தார். பழுது ஒன்றுமில்லை. அப்பாவின் முகத்தில் வெற்றி வந்தது. மாமா அக்காவை விட்டுக்கொடுக்காமல், அவ்வளவு தூரத்தில் ஃபிரிட்ஜில் இருந்தால் அடுப்படிச் சத்தத்தில் எப்படிக் காதில் விழும் என்று ஒரு வாதம் வைத்தார். பின்னால் இருந்த ஓட்டையில் நாடா ஒன்றைக் கோத்து, அடையாள அட்டை மாதிரி அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டார். அம்மா அதைச் சேலைமேல் சரிசெய்துகொண்டு, இப்போது நானும் ஒரு ஆபீஸர்தான் என்றாள். பல நாளுக்குப் பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்தபடி இருந்தோம். மாமா வைத்திருந்த நேரம் முடிந்தது. டைமர் அம்மாவின் நெஞ்சில் கிடந்து கத்தத் தொடங்கியது. அம்மா உப்புப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மல்லித்தூள் போட்டாள். அது கத்திக்கொண்டே இருந்தது. கரண்டியை விளிம்பில் தட்டிவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைத் தணித்தாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன நடிப்பு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவும் சிரித்தபடி, "பாத்தீங்களா மாப்ள, உங்கக்கா வீம்ப?" என்றார்.

மாமா சிரிக்கவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். மெதுவாக, "அக்கா" என்றார். அம்மா திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை கூப்பிட்டார். பிறகு தோளைத் தொட்டார். அம்மா திடுக்கிட்டுத் திரும்பி, "என்னடா, பூனை மாதிரி வந்து நிக்கிற?" என்றாள். டைமர் அப்போதும் கத்திக்கொண்டிருந்தது. மாமா கையை நீட்டி அதை அணைத்தார்.

"குழம்பு வாசம் இழுத்துருச்சுக்கா" என்றார்.

அப்பாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. சாப்பாடு முடிந்து மாமாவை பஸ் ஏற்றிவிடப் போன அப்பா வெகுநேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்கள் வந்து வந்து போயின. டைமரைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். அது பண்டிகைக்குக்கூட நடக்காத காரியம். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு கண்ணாடி அறையில் அம்மாவை உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் வரும்போதெல்லாம் அழுத்த வேண்டும் என்றார்கள். இது விளையாட்டு மாதிரி இருக்கிறதே, எனக்கும் தருவார்களா என்று நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். அம்மா முதலில் சிலமுறை அழுத்தினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தாள். இடையில் என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தாள். அத்தனை நிதானமாக இருப்பதைப் பார்த்து, அம்மாதான் ஜெயிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்ததும், பாதி நேரம் மிஷினில் சத்தமே வரவில்லை, ரிப்பேர் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள்.

டாக்டர் ஒரு பெண். அம்மாவைத் தன் முகத்துக்கு நேராக உட்காரவைத்து, முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் இருந்ததை அம்மா உற்சாகமாகச் சொன்னாள். மில்லில் ஓடும் மிஷின்களுக்கு நடுவில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காதாம். அதனால் பெண்கள் எல்லாரும் உதட்டசைவிலேயே ஊர்வம்பு முழுக்கப் பேசிவிடுவார்களாம். டாக்டர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த இரைச்சல்தான் அம்மாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. கனமான சத்தங்கள் கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் போய்விட்டன. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டுவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை.

காதில் பஞ்சடைப்பான் போடாமல் மிஷின் அருகே நின்றால் கப்பலூரில் ஆட்களை விரட்டி விரட்டித் திட்டுகிறவர் அப்பா. அன்று டாக்டர் பேசி முடிக்கும்வரை தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். தன்னுடையதைப் பாதியிலேயே அம்மாவிடம் நகர்த்தினார். அம்மா, எதற்கு இப்படி இழவு வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அதையும் குடித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அம்மாவின் காதுக்கு மிஷின் வந்தது. வேர்க்கடலை அளவில், காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முதல்நாள் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தட்டை வைத்தால் முகம் சுளித்தாள். ஃபேன் இப்படி முனகுமா என்று அண்ணாந்து பார்த்தாள். தெருவில் போன ஆட்டோவின் ஹாரனுக்கு எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இம்புட்டு சத்தத்துலயா நீங்க எல்லாரும் குடியிருக்கீங்க?"

அப்பா டைமரை எடுத்து வந்து அழுத்தினார். கீ என்றது. அம்மா சட்டென்று திரும்பினாள். அப்பா நான்காவது வரிசையை வைத்தார். கோழிக்குஞ்சு கத்தியது. அம்மா அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்தக் கழுத இப்பிடியா கத்திக்கிட்டுக் கெடந்துச்சு? பாவம்ங்க."

அன்றிலிருந்து டைமர் அம்மாவின் கட்சிக்குப் போய்விட்டது. அப்பாவுக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்தது. நான்கு வரிசைகளையும் அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றினாள். ஒன்று இட்லிக்கு, ஒன்று மோட்டாருக்கு, மூன்றாவது அப்பா பேப்பர் படிப்பதற்கு. கீகீகீ என்றதும் பேப்பரை மடித்துவிட்டுக் குளிக்கப் போகவேண்டும். கப்பலூர்ச் சங்குக்குக் கட்டுப்பட்டவர் இதற்கும் கட்டுப்பட்டார். நான்காவது கத்தியதும் என் டிவியும் குறித்த நேரத்தில் அணைந்தது. எனக்கு மனது விட்டுப்போயிற்று. பழைய அம்மாவே நல்லவள் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் என் தலையில் செல்லமாகக் குட்டினார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் சாயங்காலம். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, புதிதாகக் கொடுத்திருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னாள். முதல் பாடத்தை வாசித்தேன். போதுமா என்று கேட்டேன். அடுத்ததும் என்றாள். அதையும் வாசித்தேன். வழக்கமாக என் முகத்தையே பார்ப்பவள், அன்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று மெல்ல நிறுத்தினேன். நிறுத்தியதும் கண்ணைத் திறந்தாள்.

"உன் குரலு இம்புட்டு சன்னமாடீ?" என்றாள்.

நான் விழித்தேன். எனக்கு இன்னும் யாரும் வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்றும் தெரியவில்லை. "படி, படி" என்றாள். கேள்வி பதில், அருஞ்சொற்பொருள், பின்னட்டையில் அச்சிட்டிருந்தது எல்லாவற்றையும் வாசிக்கவைத்தாள். வாசலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சீக்கிரம் முடித்தால் விட்டுவிடுவாள் என்று நான் மூச்சுவிடாமல் வேகவேகமாகப் படித்தேன். அம்மா, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.