படித்து முடிக்கும் முன் சிபாரிசு செய்த நாவல்

வாசகசாலைப் பலகையைப் பார்க்கும் நண்பர்களுக்கு,

முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகி ஒரு வருடம் ஆகிறது. வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துத் தைத்த சரித்திர நாவல் ஒன்று கிடைத்தது. பத்து அத்தியாயம் படித்ததுமே சந்தோஷம் தாங்காமல் ஊரெல்லாம் சிபாரிசு செய்து, இரவலும் கொடுத்தேன்.

அதுதான் தப்பு. வாங்கிய ஒவ்வொருவரும் இரண்டே நாளில் முடித்துத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் மட்டும் இளவரசி விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்த இடத்தில் நிற்கிறேன்.

இன்று பந்தல்குடி பஸ்ஸில் தையல்கடை சவரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அருமையான கதை. கடைசியில அந்த இளவரசி..."

"சொல்லாதீக. நான் இன்னும் முடிக்கல."

"ரெண்டு மாசமாவா படிக்கிறீக?"

"எழுத்தெழுத்தா ருசிச்சுப் படிக்கிறேன்."

அவருக்கு வாய் அடங்கவில்லை. ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போதே இறங்கிவிட்டேன். பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. இளவரசி சாகமாட்டாக, தைரியமாப் படிங்க."

கோபத்தோடு நடக்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், பாதி வழியிலேயே மனசு லேசாகிவிட்டது.

அடுத்து எந்தச் சரித்திர நாவலைப் படிக்கலாம்? கீழே இடம் விட்டிருக்கிறேன். பெயரை மட்டும் எழுதுங்கள். யார் பிழைத்தார்கள் என்று எழுத வேண்டாம்.