லைசென்ஸ் வரும்வரை பால்கோவா இல்லை

எனக்கு அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், புகுந்த வீடு ராஜபாளையம். நடுவில் இருப்பது ஒரு ரோடும் என் கணவரின் மனசும்தான். "ஏங்க, அம்மாவப் பாத்துட்டு வரலாமா?" என்றால், "செத்த நேரம் இரு, வாரேன்" என்பார். அந்தச் செத்த நேரம் அடுத்த ஞாயிறு வரை நீளும். பஸ் இருக்கிறதே என்பீர்கள். பஸ்ஸில் தனியாகப் போய் இறங்கினால், "ஏட்டி, மாப்பிள்ளையோட சண்டையா?" என்று அம்மா வீட்டுத் தெருவே கேட்கும்.

அதனால் நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்கூட்டர் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். நினைத்தபோது நானே ஓட்டிப் போய் அம்மா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஆனால் வெறும் ஆசை என்னை விடியற்காலையில் எழுப்பாது. யோகா, இந்தி, தையல் எல்லாமே ஆரம்ப சூரத்தனத்தோடு முடிந்தவை. எனவே ஆண்டாள் சந்நிதியில் நின்று, லைசென்ஸ் வரும்வரை பால்கோவாவைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். காசிக்குப் போகிறவர்கள் விவரமாகப் பாகற்காயை விட்டுவிட்டு வருவார்கள். அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை. போதாததற்கு ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

சொன்னதுதான் தப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பால்கோவாவோடு வந்தார்கள். நாத்தனார் என் எதிரிலேயே உட்கார்ந்து விரலைச் சப்பினாள். மைதானத்தில் எட்டு போடும்போது கண்ணுக்குள் டப்பாதான் சுற்றியது. "அக்கா, ரோட்டப் பாருங்க!" என்று ஓட்டக் கற்றுத்தந்த பெண் கத்துவாள். டெஸ்டில் பாதி எட்டில் காலை ஊன்றி, பெயிலாகிவிட்டேன். நேரே வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து, நின்றபடியே தின்று தீர்த்தேன். கணவர் பார்த்துவிட்டார்.

"சாமி குத்தம் ஆயிராதா?"

"ஆச்சுன்னா எனக்குத்தான ஆகும்? உங்களுக்கென்ன?"

"அப்ப வண்டி அம்புட்டுத்தானா?" என்றார், நிம்மதியாக.

அந்த நிம்மதி சுருக்கென்று தைத்தது. மறுநாள் விடியுமுன்னே மைதானத்தில் இருந்தேன். விரதம் போன பிறகுதான் வண்டியில் கவனமே வந்தது. வயிறாரப் பால்கோவா, வயிற்றெரிச்சலோடு எட்டு. ரோசத்துக்கு அலாரம் வேண்டாம். அடுத்த டெஸ்டில் பாஸ்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும், எதிரே வந்த கல்லூரி பஸ் ஒவ்வொன்றுக்கும் ஓரங்கட்டி, ஒருவழியாக அம்மா வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா வெளியே வந்து எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கட்டி?"

"நாந்தாம்மா ஓட்டிட்டு வந்தேன்."

அம்மா ஒரு வார்த்தை மெச்சவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, பையோடு வந்தாள்.

"மம்சாபுரத்துல எந்தங்கச்சியப் பாக்கணும்னு உங்கப்பாட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. எடு வண்டிய."

அம்மாவும் இப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருப்பவள்தான் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. பின்னால் ஆள் ஏற்றி நான் ஓட்டிப் பழகவில்லை என்பதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.